எல்லா முயற்சிகளுக்குப் பிறகும்

கர்சர் ‘ஆல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்று துடிக்கிறது. இன்னும் நான்கு சொற்கள்தான். பாசிபிள், எஃபர்ட்ஸ், வேர், மேட். சாத்தியமான எல்லா முயற்சிகளும் செய்யப்பட்டன. என் விரல்களுக்கு மூன்று நொடி வேலை, கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன். மணி பதினொன்று இருபது. பன்னிரண்டரைக்கு இன்ஸ்பெக்டர் ஐயா எஸ்.பி. ஆபீஸ் கூட்டத்துக்குக் கிளம்புவார். அதற்குள் இந்தத் தாளில் அவர் கையெழுத்து விழ வேண்டும், அந்தத் தாளோடு குணசுந்தரி இரண்டு மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். இன்றைக்கும் சரியான போலீஸ் அறிக்கை வராவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்வேன் என்று போன வாய்தாவிலேயே நீதிபதி சொல்லிவிட்டார். குணசுந்தரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என் மேசையிலிருந்து அவளுடைய முழங்காலும், அதன் மேல் ஒரு துணிப்பையும், பையைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் தெரிகின்றன. அவள் புருஷன் ஏகாம்பரம் காணாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஏழு வருடம் ஒரு ஆளைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை என்றால் கல்யாணத்தை முறித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. செய்தி இல்லை என்று சொல்ல வேண்டியது போலீஸ். போலீஸ் என்றால் இந்த ஸ்டேஷன், ஸ்டேஷன் என்றால் இந்த மேசை, மேசை என்றால் நான். ஸ்டேஷன் ரைட்டர். இங்கே வருகிற போகிற தாளுக்கெல்லாம் பொறுப்பான ஏட்டு. நான் அடித்துக் கொடுப்பதில்தான் ஐயா கையெழுத்துப் போடுவார், படித்துப் பார்க்க மாட்டார். லோகநாயகி அடித்தால் தப்பு இருக்காது என்று டி.எஸ்.பி.யிடமே சொல்லியிருக்கிறார்.

தப்பு இருக்காது. அது உண்மைதான். இருபது வருடத்துக்கு முன்னால் நான் அனுப்பிய ஓர் அறிக்கையில் ‘எஃபர்ட்ஸ் வேர் டேக்கன்’ என்று எழுதியிருந்தேன். முயற்சி எடுத்தோம் என்றுதானே நாம் பேசுகிறோம். எஸ்.பி. ஆபீஸிலிருந்து அந்தத் தாள் திரும்பி வந்தது, ‘டேக்கன்’ மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ‘மேட்’. அந்த வட்டம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது, சாப்பிடும்போதும் இருந்தது. அதன் பிறகு நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மற்ற ஸ்டேஷன் ரைட்டர்களெல்லாம் போன் செய்து கேட்பார்கள், அக்கா இதுக்கு ‘மேட்’ வருமா ‘டேக்கன்’ வருமா, ‘ஆல்’ போடணுமா, ‘பெஸ்ட்’ போடணுமா என்று. சொல்வேன். காணாமல் போன ஆளுக்கு இது, காணாமல் போன பத்திரத்துக்கு இது, திருட்டுப் போன வண்டிக்கு இது. ஏ, பி, ஈ என்று மூன்று எழுத்துத் தட்டினால் முழு வாக்கியமும் தானாக வந்து விழும்படி கம்ப்யூட்டரில் செய்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஏன் அந்த மூன்று எழுத்தைத் தட்டாமல் ஒவ்வொரு சொல்லாக அடிக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும். தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. போன மாதம் இதே மனுவுக்கு அனுப்பிய அறிக்கையில் ‘எஃபர்ட்ஸ் வேர் மேட்’ என்று மட்டும்தான் எழுதினேன். சுருக்கமாக இருக்கட்டும் என்று எழுதியதாக அன்றைக்கு நினைத்தேன். நீதிபதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். வக்கீலின் ஜூனியர் பெண், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பாள், ஒரு துண்டுச் சீட்டில் முழு வாக்கியத்தையும் எழுதி எடுத்து வந்தாள். “மேடம், ‘ஆல் பாசிபிள்’ கண்டிப்பா இருக்கணும். முயற்சி பண்ணோம்னா எந்த முயற்சின்னு ஜட்ஜ் கேக்கறாங்க. எல்லா முயற்சியும்னு போட்டுட்டா கேள்வியே வராது.” கேள்வியே வராது. அந்தச் சீட்டு கீபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஸ்டாம்ப் பேடை வைத்திருக்கிறேன்.

“என்னக்கா, அரை மணி நேரமா ஒரே வரிய மொறச்சிப் பாத்துக்கிட்டிருக்கீங்க, அது என்ன உங்க மாமியாரா?” இருதயராஜ். எதிர் மேசைக் காவலர், பாரா டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறான். கண்ணு வலிக்குதுப்பா என்றேன். “கண்ணாடியத் தொடைங்க. பாவம் அந்தம்மா, காலைல ஒம்போது மணிக்கு வந்து உக்காந்தது. வெளிய வண்டியோட ஒரு அண்ணன் நிக்கறாரே, அவருதான் புது மாப்ளையாம். வெயில்ல நின்னு நின்னு கருத்தே போயிட்டாரு. சீக்கிரம் அடிச்சுக் குடுங்கக்கா, கல்யாண சாப்பாட்டுக்கு நமக்கும் பத்திரிகை வைப்பாங்க.” சிரித்தேன். சிரிக்க முடிகிறது. வண்டியோடு நிற்பவர் தண்டபாணி, லேத் பட்டறை வைத்திருக்கிறார், மனைவி இறந்து போனவர். உள்ளே வருவதில்லை. நல்ல மனிதர் என்று குணசுந்தரி ஒரு தடவை சொன்னாள். “நல்ல மனுஷன் மேடம், எதுவும் கேக்க மாட்டாரு,” என்றாள். எதுவும் கேட்காத மனிதனை நல்லவன் என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு முன் அவளிடம் எத்தனை பேர் என்னென்ன கேட்டிருப்பார்கள். நானும் கேட்டவள்தான். முதல் நாள் புகார் எழுதும்போது நான்தான் கேட்டேன், வீட்டில் சண்டையா, வேறு யாரோடாவது தொடர்பா, உனக்கு, அவருக்கு. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை ஆலையில் பாய்லர் வேலை, ஆலையை மூடிய பிறகு பேச்சு குறைந்துவிட்டது, வியாழக்கிழமை காலையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவர், சைக்கிள் கடையிலேயே இருக்கிறது, ஆள் இல்லை. அடையாளம்: இடது முன்கையில் நீராவி பட்ட பழைய தழும்பு. அதை எழுதியதும் என் கைதான்.

ஃபைல் மேசை மேலேயே இருக்கிறது. பச்சை அட்டை. காணாமல் போனவர் ஃபைல் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அதில் என்ன தேடினோம் என்று எழுத வேண்டும். யாரும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எழுதுவதில்லை. டி.எஸ்.பி. ஆய்வுக்கு வருகிறார் என்றால் அதற்கு முந்தின வாரம் உட்கார்ந்து ஒன்றரை வருடத்துப் பதிவையும் ஒரே மூச்சில் எழுதுவோம். அதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே பேனாவில் எழுதக் கூடாது. நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, கொஞ்சம் தேய்ந்த ஜெல் பேனா ஒன்று. மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினால் மூன்று காலம் வந்துவிடும். வெயில் காலத்துப் பதிவு ஒன்றில் நான் தாளின் ஓரத்தைத் தண்ணீர் விரலால் தடவிக்கூட வைத்தேன், வியர்வை பட்ட மாதிரி. அந்த நுணுக்கத்தை நினைத்து அன்றைக்குப் பெருமைப்பட்டேன். நீலத்தில் பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள். கறுப்பில் கோவில்கள், அன்னதானக் கூடங்கள். ஜெல்லில் அண்டை மாநிலத்துக்குத் தனிக் காவலர் அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டது. இருதயராஜ் போனதாக எழுதியிருக்கிறேன். அந்தத் தேதியில் இருதயராஜ் தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும், தேடுதல் தொடர்கிறது. திறக்க வேண்டாம். திறந்தால் பின்னால் போக வேண்டும், பின்னால் அந்தக் கடிதம் இருக்கிறது.

அந்தக் கடிதம் அங்கேதான் இருக்கிறது, அதற்குத் திறந்து பார்க்கத் தேவையில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது. ஆந்திராவில் ஒரு சிறிய ஊர் ஸ்டேஷன், தெலுங்கு முத்திரை, உள்ளே அரைப் பக்க இங்கிலீஷ். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண். தமிழ் பேசுகிறார். பெயர் சொல்லவில்லை. இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. சர்க்கரை ஆலை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், உங்கள் ஊரின் பெயரையும் சொல்கிறார். அடையாளம் காண உறவினரை அனுப்பவும். நின்றுகொண்டே படித்தேன். ஒரு கையில் வாக்குச்சாவடி பட்டியல், அறுபத்தொரு சாவடி, எந்தச் சாவடிக்கு எந்தக் காவலர் என்று அன்று மாலைக்குள் போக வேண்டும், ஒரு காதில் போன். தேர்தல் முடியட்டும் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எதுவும் நினைக்கவில்லை, கெட்டதாக எதுவும் நினைக்கவில்லை. கடிதத்தில் இரண்டு ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்து, ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதி என் சுருக்கொப்பம் போட்டுத் தேதியும் போட்டேன். தேதி போடாமல் இருந்திருக்கலாம். அதற்கு அடுத்த திங்கட்கிழமை குணசுந்தரி வந்தாள். அப்போதெல்லாம் திங்கட்கிழமை தவறாமல் வருவாள், கரும்புச் சக்கை நாற்றம் இன்னும் போகாத ஒரு பழைய குடையோடு. ஏதாவது தெரிஞ்சுதா மேடம் என்றாள். எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததா? அறுபத்தொரு சாவடிக்குள் எங்கோ அந்தக் கடிதம் மின்னி மறைந்தது. தகவல் வந்தா நாங்களே கூப்பிடுவோம், சும்மா அலையாதே என்றேன். அவளும் அதன் பிறகு சும்மா அலையவில்லை. தேர்தல் முடிந்தது, ஓட்டு எண்ணிக்கை பந்தோபஸ்து, பிறகு வேறு ஸ்டேஷனுக்கு எனக்கு மாறுதல், போன வருடம்தான் இங்கேயே திரும்பி வந்தேன். இடையில் வந்த யாரும் அந்தப் பச்சை அட்டையைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் ‘பார்த்தேன்’ என்று இருக்கிறதே, லோகநாயகி பார்த்திருக்கிறாள், லோகநாயகி பார்த்தால் தப்பு இருக்காது.

ஒரு தாளைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. கயிற்றை அவிழ்த்து, உருவி, மறுபடி கட்டினால் போயிற்று. பக்க எண் நான்தான் போட்டேன், நானே மாற்றலாம். தெரிய வந்தால் துறை நடவடிக்கை, வருகிற ஜனவரியில் எஸ்.எஸ்.ஐ. பதவி, இருபத்தைந்து வருடம், எல்லாம் போகும். தெரிய வராது. யாருக்காகத் தெரிய வர வேண்டும்? அவளே விடுதலை கேட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்த நான்கு சொல்லை அடித்தால் அவளுக்கும் நல்லது, தண்டபாணிக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இப்போது போய் அந்தக் கடிதத்தை எடுத்தால் அவளுக்கு என்ன கிடைக்கும், அந்த ஆள் அவராகவே இருந்தால், உயிரோடு இருந்தால், மனு போகும், கல்யாணம் போகும், பேசாத மனிதனை மறுபடி வீட்டில் வைத்துக்கொண்டு, அல்லது இறந்து போயிருந்தால், எப்போது, எங்கே. நான் அவளுக்கு நல்லதுதான் செய்கிறேன். இப்படி நினைக்கும்போதே எனக்குத் தெரிகிறது, இதை நான் அவளுக்காக நினைக்கவில்லை, ஜனவரிக்காக நினைக்கிறேன். பாசிபிள் என்று அடித்தேன். ஒரு சொல்தானே. சாத்தியமான எல்லா. எது சாத்தியம்? என் மகள் நித்யாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது வேலூர் பேருந்து நிலையத்தில் கையை விட்டுவிட்டாள். நாற்பது நிமிடம். ஒரு காலில் செருப்பு இல்லாமல் ஓடினேன். பேருந்துகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆண்கள் கழிப்பறைக்குள் போனேன், ஏம்மா என்று கத்தினார்கள், கேட்கவில்லை. தண்ணீர்ப் பந்தலில் பிளாஸ்டிக் டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தேன். அதற்குள் ஒரு குழந்தை நுழைய முடியாது, முடியாது என்று தெரியும், தெரிந்தும் திறந்தேன். திறந்து விட்டுக் கொஞ்ச தூரம் போய், சரியாகப் பார்த்தோமா என்று திரும்பி வந்து இன்னொரு தடவை திறந்தேன். அது எஃபர்ட். அதை எழுதுவதென்றால் ‘ஆல்’ போடலாம், ‘பாசிபிள்’கூட வேண்டாம். பூக்கடைக்குப் பின்னால் ஒரு பாட்டில் மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எஃபர்ட்ஸ் என்று அடித்தேன். குணசுந்தரியின் கை பைக்குள் போய் ஒரு டப்பாவை எடுத்தது, திறக்காமல் திரும்ப வைத்தது. சாப்பிட முடியவில்லை போலிருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஐயாவின் மணி ஒருதரம் அடித்தது. இருதயராஜ் எழுந்து போய் வந்தான். “அக்கா, ஐயா கேக்கறாரு, கையெழுத்துக்கு இருக்கறதெல்லாம் கொண்டாரணுமாம்.” அஞ்சு நிமிஷம் என்றேன். “இன்னும் என்னக்கா பாக்கி?” ரெண்டு சொல்லு என்றேன். அவன் என் திரையை எட்டிப் பார்த்தான். “வேர் மேட். நானே சொல்லிடுவேன், அடிங்க.” அவனைப் பார்த்தேன். நீ ஆந்திராவுக்குப் போய் வந்ததாக நான் எழுதியிருக்கிறேன் இருதயராஜ், உனக்கே தெரியாது. “என்னக்கா அப்படிப் பாக்கறீங்க?” ஒன்றுமில்லை என்றேன். என் கை கீபோர்டை விட்டுப் பச்சை அட்டைக்குப் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நான்தான் அனுப்பினேன். கடைசிப் பக்கம். மை மங்கவில்லை. அந்த ஸ்டேஷனின் எண் மேலேயே அச்சாகி இருந்தது. எடுக்க மாட்டார்கள், எண் மாறியிருக்கும், மாறியிருந்தால் நான் முயற்சி செய்தேன், அப்போது அடித்துவிடலாம். ரிசீவரை எடுத்து எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. மூன்று, நான்கு. எடுக்காதே. எடுத்தார்கள்.

இளம் குரல். நான் யாரென்று சொன்னேன், கடித எண்ணைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். தமிழ் கொஞ்சம் வரும் மேடம் என்றான். பழைய ரிஜிஸ்டர் பார்க்கணும், லைன்லயே இருங்க என்றான். இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பீரோக் கதவு கிறீச்சிட்டது, யாரோ தெலுங்கில் திட்டினார்கள், ஒரு நாற்காலி நகர்ந்தது. என் மேசைதான் அங்கேயும் இருக்கிறது என்று தோன்றியது, அதே கயிறு, அதே ஓட்டை. இல்லை என்று சொல் தம்பி. வேறு யாரோ வந்து அடையாளம் காட்டிக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று சொல். “மேடம்? உண்டு. ஆ மனிஷி… அந்த ஆளுக்காக ரெண்டு லெட்டர் போட்டிருக்கோம் உங்களுக்கு. ரெண்டாவதும் வரலியா?” எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. “யாரும் வரலேது. அதனால எங்க எஸ்.ஐ. சார் ஒரு ஹோம்ல சேத்தாரு. இப்ப அங்க இருக்காரா லேதா தெரியாது. ஹோம் நம்பர் சொல்றேன், எழுதுங்க.” வக்கீல் ஜூனியரின் சீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பத்து எண்களை எழுதினேன். தேங்க்ஸ் தம்பி என்றேன். “பரவாலேது மேடம்,” என்றான்.

ஐயாவின் மணி மறுபடி அடித்தது, இந்தத் தரம் நீளமாக. இருதயராஜ் வேர்க்கடலைத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். குணசுந்தரி வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் குங்குமம் வியர்வையில் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

“ஆச்சா மேடம்?”

“உள்ள வாம்மா. உக்காரு.”

“பரவால்ல மேடம், நிக்கறேன். பன்னெண்டே காலுக்குக் கெளம்பினாத்தான்…”

“உக்காரு குணசுந்தரி.”

உட்கார்ந்தாள். ஃபைலை அவள் பக்கம் திருப்பினேன். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. விரலை ஒவ்வொரு வரியின் அடியிலும் வைத்துத் தமிழில் சொன்னேன். தழும்பு என்றபோது அவள் தன்னுடைய இடது முன்கையைப் பிடித்துக்கொண்டாள். சர்க்கரை ஆலை என்றபோது கையை விட்டாள். ஓரத்தில் இருந்த சுருக்கொப்பத்தின் மேல் என் விரல் வந்து நின்றது. இது என் கையெழுத்து என்றேன். வந்ததும் நான் பாத்தேன், உனக்குச் சொல்லல.

“எப்ப வந்தது?”

தேதியைச் சொன்னேன்.

“அது முடிஞ்ச திங்கக்கிழமை நான் வந்தேன்ல?”

“வந்தே.”

“இதே எடத்துல நின்னேன்ல?”

“நின்னே.”

அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன், இரண்டுக்கும் என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், படிக்கத் தெரியாத எழுத்தை ஒவ்வொன்றாக. இன்ஸ்பெக்டர் ஐயா தொப்பியை வைத்துக்கொண்டே வெளியே வந்தார். என்ன லோகநாயகி, அந்த கோர்ட் ரிப்போர்ட் எங்க என்றார். இன்னிக்குக் குடுக்க முடியாதுங்கய்யா, ஒரு விசாரணை பாக்கி இருக்கு என்றேன். ஒம்போது வருஷமா என்ன பாக்கி என்றார். மாலைல எழுத்துல வைக்கிறேங்கய்யா என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். ஜீப் கிளம்பியது.

ரிசீவரை எடுத்தேன். ஹோமில் என்ன கேட்பது என்று மனத்துக்குள் கோத்துக்கொண்டேன். சேர்க்கப்பட்ட தேதி, அடையாளம், தற்போதைய நிலை. அவள் கை என் மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தது. பலமாகவே விழுந்தது.

“நீங்க பேசாதீங்க மேடம்.”

“நான் போலீஸ்னு சொன்னாத்தான்…”

“நீங்க பேசாதீங்கன்னு சொல்றேன்ல. அவரு பேசினா எனக்குத்தான் தெரியும். ஒரு இருமல் போதும் எனக்கு.”

பையிலிருந்து தன் போனை எடுத்தாள். கண்ணாடி கீறிய சின்னப் போன். கட்டை விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, சொல்லுங்க என்றாள். நான் சீட்டைக் கையில் எடுத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள், அழுத்தியதும் தலையை ஆட்டினாள். ஒன்பது எண்கள் வரை சொன்னேன். அங்கே என் குரல் நின்றுவிட்டது.

“இன்னொண்ணு இருக்கு மேடம்,” என்றாள் குணசுந்தரி. “சொல்லுங்க.”

சொன்னேன்.